ஊர் ஓவியக் கண்காட்சியில் நடுவர்கள் எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்?

பாமணியாற்றங்கரை (மன்னார்குடி) – கேள்வி

வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இளமையில் விட்டுப்போன நீர்வண்ண ஓவியப் பழக்கத்தை மீண்டும் தொடங்கியவன் நான். எங்கள் பகுதிக் கலை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை கண்காட்சி நடத்துகிறார்கள். மாணவர், இல்லத்தரசி, கைவினைஞர், ஓய்வு பெற்றவர் என யார் வேண்டுமானாலும் நுழைவுக் கட்டணம் செலுத்தி இரண்டு படைப்புகள் வரை அனுப்பலாம். ஒளிப்படத்தைப் பார்த்து முதற்சுற்றுத் தேர்வு. மண்டபத்தில் மாட்டிய பிறகு பரிசுக்கான தேர்வு. இரண்டுக்கும் அதே மூன்று நடுவர்கள்.

இவ்வாண்டு நான் அனுப்பியவற்றில் ஒன்று கோடைக் கொள்ளிடம்: அகன்ற மணற்பரப்பு, நடுவே ஒடுங்கிப்போன ஒற்றை நீர்க்கோடு, தொலைவில் பாலத்தின் தூண்கள். மற்றொன்று நாற்றுப் பறிக்கும் பெண்கள். கொள்ளிடத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது முதற்சுற்றிலேயே தள்ளப்பட்டது. ஓர் ஒளிப்படத்தை வைத்துக்கொண்டு அதிகம் யோசிக்காமல் வரைந்த நாற்றுப் பறிப்பு சுவருக்குப் போய்விட்டது. முதற்பரிசு, வெண்ணெய்த்தாழிக் கண்ணனை வரைந்த ஒரு தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கிடைத்தது. அது நல்ல வேலைப்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய கண்ணனையும் தாளில் கரைந்து நிற்கும் ஒரு நிலக்காட்சியையும் எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மதிப்பெண் பட்டியல் ஒட்டப்பட்டதே தவிர, காரணம் ஏதும் சொல்லப்படவில்லை.

மனக்குறையில் கேட்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. இருந்தாலும், நடுவராக இருந்தவர்கள் எவரேனும் இங்கிருந்தால், அந்த அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டுகிறேன். பொதுவான அளவுகோல் என்று ஒன்று இருக்கிறதா? மரபு ஓவியத்தையும் மற்றவற்றையும் ஒரே வரிசையில் வைப்பது முறையா? மூவரின் மதிப்பெண்களைக் கூட்டி முடிவு செய்வது சரியான வழிதானா?


குடந்தைத் தூரிகை (கும்பகோணம்)

ஐயா, வணக்கம். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்து, பள்ளி ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிப் போட்டிகளிலும் இதுபோன்ற ஊர்க் கண்காட்சிகளிலும் நடுவராக இருந்திருக்கிறேன். உங்கள் ஓவியங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே அவற்றின் தரத்தைப் பற்றி அல்லாமல், தேர்வு நடக்கும் விதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நடுவரின் முன்னால் வைக்கப்படும் முதல் கேள்வி, பலரும் நினைப்பதைப் போல, "இது நல்ல ஓவியமா?" என்பது அன்று. "சுவரில் அறுபதுதான் மாட்ட முடியும், வந்திருப்பவை இருநூறு, எந்த அறுபது?" என்பதே அந்தக் கேள்வி. மண்டபத்தின் நீளமும், வாடகைக்கு எடுத்த தட்டிகளின் எண்ணிக்கையும், விளக்கு எட்டும் தூரமும் முடிவு செய்துவிட்ட ஓர் எண்ணுக்குள் நாங்கள் வேலை செய்கிறோம். நன்றாக இருந்தும் வெளியே நிற்கும் ஓவியங்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கும். "தள்ளப்பட்டது" என்ற சொல்லுக்குள் இந்தக் கணக்கும் இருக்கிறது என்பதை அனுப்புபவர்களுக்கு அமைப்பாளர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி மனவருத்தம் குறையும் என்பது என் எண்ணம்.

ஒளிப்படச் சுற்றில்தான் அநியாயங்கள் அதிகம் நடக்கின்றன. வேண்டுமென்று எவரும் செய்வதில்லை, அந்த முறையே அப்படிப்பட்டது. மடிக்கணினித் திரையில் ஒரு படம் சில நொடிகள்தான் நிற்கும். இருளும் ஒளியும் அழுத்தமாகப் பிரிந்திருக்கும் ஓவியம் அந்த நொடிகளில் கண்ணைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சாயல்களாலேயே கட்டப்பட்ட ஓவியம் வெறும் வெளிறிய தாளாகத் தெரியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கொள்ளிடம் இந்த இரண்டாவது வகை. அதற்கு மேல், பெரும்பகுதி வெண்மையாக உள்ள ஒரு தாளைக் கைபேசி ஒளிப்படக்கருவி தானாகவே இருட்டாக்கிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். குழல் விளக்கின் கீழ் எடுத்திருந்தால் மணலின் மஞ்சளும் தாளின் வெண்மையும் ஒன்றாகிவிடும். வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பியிருந்தால் அது சுருங்கி, நீங்கள் பாடுபட்டு இழைத்த சாயல் மாற்றங்கள் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். பச்சை வயலில் சிவப்புச் சேலை உடுத்தி நாற்றுப் பறிக்கும் பெண்களுக்கு இந்த ஆபத்து எதுவும் இல்லை. ஒளிப்படத்திலிருந்து வந்தது ஒளிப்படத்தில் நன்றாகத்தானே தெரியும்!

அடுத்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காலையில் வெயில் நேரே படாத திண்ணையில் ஓவியத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கருவியை அதற்கு இணையாகப் பிடித்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். ஒளியளவைச் சற்றுக் கூட்டி, தாளின் வெண்மை வெண்மையாகவே திரையில் தெரிகிறதா என்று ஓவியத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்தான் வழி என்றால் ஆவணமாக இணையுங்கள்.

பெரும்பாலான இடங்களில் முதற்சுற்றில் மூன்று குவியல்கள்தான் விழும்: எடுக்கலாம், வேண்டாம், ஐயம். லண்டனில் ராயல் அகாடமி 1769 முதல் ஆண்டு தவறாமல் நடத்திவரும் கோடைக் கண்காட்சியில்கூட ஏற்பு, நிராகரிப்பு, ஐயம் என்று குறியிட்டுப் பிரிப்பதே வழக்கம். உண்மையான பேச்சு முழுவதும் ஐயக் குவியலைப் பற்றியதாகவே இருக்கும். "எடுக்கலாம்" என்ற குவியலை எவரும் மறுமுறை பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தலான விஷயம், ஏனென்றால் திறமையாக வரையப்பட்ட சலிப்பூட்டும் ஓவியங்கள் அதில்தான் ஒளிந்திருக்கும். கோபுரமும், தேரும், பீடி பிடிக்கும் முதியவரின் சுருக்கம் விழுந்த முகமும் கேள்வி கேட்பாரின்றி அதில் போய்ச் சேர்ந்துவிடும்.

மண்டபத்துக்கு வந்த பிறகு நடப்பது வேறு. முதலில் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறேன். பொருள் என்னவென்று தெரியாத தூரத்திலும் இருளும் ஒளியும் ஓர் ஒழுங்கில் நிற்கின்றனவா, கண்ணுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ள வழி இருக்கிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும். கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு ஒரு முழம் தூரத்துக்கு வருகிறேன். நீர்வண்ணமாக இருந்தால், நீரின் மினுக்கத்துக்குத் தாளின் வெண்மையை விட்டுவைத்திருக்கிறாரா, அல்லது எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கடைசியில் வெள்ளைச் சாயத்தைத் தொட்டு வைத்திருக்கிறாரா என்று பார்ப்பேன். பின்னது குற்றமன்று, ஆனால் முன்னதில் ஓவியர் தொடக்கத்திலேயே முடிவெடுத்திருக்கிறார் என்பது தெரிகிறது. ஈரம் காயுமுன் இரண்டாம் பூச்சைத் தொட்டதால் பூக்கோசுபோல விரிந்த கறை, வேண்டுமென்றே விடப்பட்டதா, தவறி விழுந்ததா என்பதையும் அதன் அருகிலுள்ள தூரிகைத் தடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். கைபேசிப் படத்தை அப்படியே பார்த்து வரைந்தவற்றில் நிழல்கள் ஒட்டுமொத்தமாகக் கறுத்திருக்கும். நேரில் நின்று பார்த்தவர் அந்த நிழலுக்குள் ஒரு நீலத்தையோ, தரையிலிருந்து திரும்பி வரும் செம்மையையோ கண்டிருப்பார்.

இதற்கெல்லாம் மேலாக, இந்தப் படைப்பு எதைச் செய்ய முயல்கிறது, அதைச் செய்து முடித்திருக்கிறதா என்ற கேள்வியைத்தான் நான் ஒவ்வொன்றின் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். மரபு ஓவியத்துக்கும் நிலக்காட்சிக்கும் பொதுவாக நிற்கக்கூடிய அளவுகோல் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால்தான் தலைப்போடு சேர்த்து இரண்டு வரிக் குறிப்பு கேட்கும் கண்காட்சிகளை நான் விரும்புகிறேன். அந்த இரண்டு வரியில் தத்துவம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

செல்வாக்குச் செலுத்தக் கூடாத சிலவும் செல்வாக்குச் செலுத்துகின்றன என்பதை மறைக்கத் தேவையில்லை. பெரிய ஓவியம் சிறியதை அமுக்கிவிடும். பளிச்சென்ற ஒன்றின் அருகில் மாட்டப்பட்ட மங்கலான நிறங்கள் அழுக்காகத் தெரியும். சட்டகக் கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் பாதி ஓவியம் காணாமல் போகும். காலையில் பார்த்தவற்றுக்குக் கண்டிப்பு அதிகம். மாலையில் பார்ப்பவற்றுக்குக் கண் ஓய்ந்திருக்கும். இதற்காகவே இரண்டாவது சுற்றைக் கடைசியிலிருந்து தொடங்கி முன்னோக்கி நடக்கிறேன். பெயரை மறைத்துவைத்தாலும் டெல்டா மாவட்டங்களில் தொடர்ந்து வரைபவர்களின் கைவண்ணம் நடுவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துவிட்டால், நம்மிடம் படித்தவராகவோ உறவினராகவோ இருந்தால், "இதற்கு நான் மதிப்பெண் போடவில்லை" என்று ஒதுங்கிவிட வேண்டும். ஒதுங்கியதைத் தாளில் எழுதியும் வைக்க வேண்டும்.


சுக்கான் தூள் (தஞ்சாவூர்)

ஆசிரியை அம்மா சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் நீட்டிச் சொல்ல விரும்புகிறேன். தஞ்சாவூர் ஓவியம் என் குடும்பத் தொழில். பொதுக் கண்காட்சிகளில் எங்கள் வேலைக்கு இரண்டு விதமான அநீதி நடக்கிறது. ஒரு நடுவர் தங்கத்தைப் பார்த்ததும் மயங்கிப் பரிசு கொடுத்துவிடுகிறார். இன்னொருவர் அதே தங்கத்தைப் பார்த்ததும், "இது கைவினை, கலையன்று" என்று கடந்துபோய்விடுகிறார். இருவருமே வேலையைப் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டியவை வேறு. பலகையைப் பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சத்தை அதன்மேல் வழிய விட்டால் மக்கு வேலையின் ஏற்ற இறக்கம் தெரியும். சுக்கான் தூளை (சுண்ணாம்புக்கல் பொடியை)க் கோந்தில் குழைத்து எழுப்பிய அந்தப் புடைப்பு, மாலையின் நடுவில் ஓர் உயரமும் ஓரத்தில் வேறு உயரமுமாகத் தற்செயலாக அமைந்திருக்கிறதா, அல்லது மார்பில் உயர்ந்து தோளில் தணிந்து உருவத்தின் திரட்சிக்கு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். ரேக்கு, புடைப்பின் பள்ளங்களுக்குள் இறங்கி ஒட்டியிருக்க வேண்டும். ஓரங்களில் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. அசல் தங்க ரேக்கு காலப்போக்கில் மங்காது; போலித் தாள் சில ஆண்டுகளில் கறுக்கும். அதைக் கண்காட்சி நாளில் கண்ணால் மட்டும் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆகவே என்ன பயன்படுத்தினார் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி வாங்க வேண்டும். ஆனால் இவையெல்லாம் சரியாக இருப்பது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. முகத்தில் பூசிய நிழல் எவ்வளவு மென்மையாகக் கன்னத்தில் இறங்குகிறது, கண் எங்கே பார்க்கிறது என்பதில்தான் ஓவியர் தெரிவார். வெண்ணெய்த் தாழியை அணைத்திருக்கும் கண்ணன் தாழியைப் பார்க்கிறானா, நம்மைப் பார்க்கிறானா, யாராவது வருகிறார்களா என்று வாசற்படியைப் பார்க்கிறானா என்பது பழைய அச்சிலிருந்து வருவதில்லை. வரைபவர் எடுக்கும் முடிவு அது.

மரபுக் கலையில் அளவு இருக்கிறது என்பது உண்மைதான். சுவாமிமலையில் உலோகப் படிமம் வார்க்கும் ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அடையாளமிட்டு, முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு மெழுகு உருவத்தின் உறுப்புகளைப் பிரிக்கிறார்கள். ஒரு படிமத்தின் கை அளவு மீறி நீண்டிருந்தால், "இது பிழை" என்று அந்த ஓலையை வைத்தே காட்டலாம். கொள்ளிடத்து மணலுக்கு அப்படி ஓர் ஓலை கிடையாது. அதனால் மரபு வேலையில் நடுவர் பிழையை எண்ணிவிட்டு நின்றுவிடுகிறார். மற்றதில் ரசனையைப் பேசிவிட்டு நின்றுவிடுகிறார். இரண்டு பக்கமும் அரைவேலைதான்.

இதற்காகத் தனிப் பிரிவு வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனிப் பிரிவு வைத்தால் மரபு ஓவியத்துக்கு ஒரு மூலையும், "உண்மையான" பரிசுக்கு ஒரு மேடையும் என்று ஆகிவிடும். பரிசைப் பிரிப்பதைவிட, மூவரில் ஒருவராவது எங்கள் வேலையின் உள்விவரம் அறிந்தவராக இருக்கும்படி குழுவை அமைப்பதே சரி. மற்ற இருவருக்கும் அவர் பலகையைச் சாய்த்துக் காட்டட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பட்டறைகளில் ஒருவர் வரைவார், ஒருவர் மக்கு எழுப்புவார், ஒருவர் ரேக்கு ஒட்டுவார், முகத்தை மூத்தவர் எழுதுவார். இப்படி உருவான பலகையை ஒருவர் பெயரில் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கோடு போட்டு, கல்லும் ரேக்கும் சேர்த்துக் கடையில் விற்கும் பெட்டியை வாங்கி நிரப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். பயிற்சிக்கு அது நல்லதுதான், போட்டிக்கு அன்று. கோட்டு நிலை, மக்கு நிலை, முடிந்த நிலை ஆகிய மூன்றின் ஒளிப்படங்களையும் கேட்டால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். கணினியே படம் தயாரித்துக் கொடுக்கும் இந்தக் காலத்தில், மற்ற பிரிவினருக்கும் இதையே கேட்கலாம்.


வர்க்கமூலம் (திருவாரூர்)

ஓவியம் எனக்குத் தெரியாது, கணக்கு தெரியும். மன்னார்குடி ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மூன்று நடுவர்கள், பத்து மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளிடத்துக்கு முதல் நடுவர் 8, இரண்டாமவர் 8, மூன்றாமவர் 3 கொடுக்கிறார். கண்ணனுக்கு முறையே 7, 7, 9. கூட்டினால் கொள்ளிடம் 19, கண்ணன் 23. மூவரில் இருவர் கொள்ளிடமே மேல் என்று கருதியும் கண்ணன் வென்றுவிடுகிறான். எங்கே தவறு? முதல் இருவரும் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் அடக்கமாகப் போடுகிறார்கள். மூன்றாமவர் மூன்றிலிருந்து ஒன்பதுவரை தாவுகிறார். கூட்டல் முறையில் அதிகமாகத் தாவுபவரின் கையில்தான் முடிவு இருக்கும். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டும் என்பதில்லை, அவருடைய பழக்கமே அதுவாக இருக்கலாம்.

இதைத் தவிர்க்க எளிய வழி, ஒவ்வோர் ஓவியத்துக்கும் வந்த மதிப்பெண்களில் நடுவிலுள்ளதை மட்டும் எடுத்துக்கொள்வது. அப்போது கொள்ளிடத்துக்கு 8, கண்ணனுக்கு 7. ஆனால் நடு எண்ணை எடுத்தால் பல ஓவியங்கள் ஒரே எண்ணில் வந்து நின்றுவிடும். பிறகு அவற்றை எப்படிப் பிரிப்பது என்ற சிக்கல் எழும். மதிப்பெண்ணே வேண்டாம், மூவரும் தர வரிசை எழுதட்டும் என்றால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் கொள்ளிடம், கண்ணன், தேர் என்று எழுதுகிறார். மற்றவர் கண்ணன், தேர், கொள்ளிடம் என்கிறார். மூன்றாமவர் தேர், கொள்ளிடம், கண்ணன் என்கிறார். இவ்விரண்டாக ஒப்பிட்டுப் பாருங்கள்: கண்ணனைவிடக் கொள்ளிடம் மேல் என இருவர் சொல்கிறார்கள், தேரைவிடக் கண்ணன் மேல் எனவும் இருவர், கொள்ளிடத்தைவிடத் தேர் மேல் எனவும் இருவர். பெரும்பான்மை வட்டமடிக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தோர்சே 1785-இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். எந்தக் கூட்டல் முறையும் இந்த வட்டத்தை உண்மையில் நீக்குவதில்லை, மறைக்க மட்டுமே செய்கிறது.

ஆகவே மதிப்பெண்ணைப் பேச்சுக்கு முன்னுரையாகப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் பரிந்துரை. ஓர் ஓவியத்துக்கு மூவரின் எண்களும் மிகவும் விலகியிருந்தால், அங்கே பேச வேண்டிய ஏதோ இருக்கிறது என்று பொருள். மூன்று கொடுத்தவரும் எட்டுக் கொடுத்தவரும் அந்த ஓவியத்தின் முன்னால் போய் நின்று ஒருவருக்கொருவர் காரணம் சொல்லட்டும். அதன் பிறகு திருத்தட்டும். தசமப் புள்ளி வரை பட்டியல் போட்டு ஒட்டுவது துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான்.


உப்பங்காற்று (நாகப்பட்டினம்)

இவ்வளவு சிக்கல் எதற்கு? ஊர்க் கண்காட்சிதானே. வந்த எல்லாவற்றையும் மாட்டுங்கள்; நடுவரும் வேண்டாம், பரிசும் வேண்டாம். பார்க்க வருபவர்கள் தாங்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். வாக்குப்பெட்டி வைத்தால் அதிக உறவினர் உள்ளவர் வெல்வார் என்பதால் அதுவும் வேண்டாம்.


குடந்தைத் தூரிகை

உப்பங்காற்று அவர்களுக்கு: உங்கள் கருத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் நடுவர்களின் மேல் கோபம் கொள்ள வரலாற்றில் நல்ல காரணங்கள் இருக்கின்றன. பாரிசில் 1863-இல் அரசின் ஆண்டுக் கண்காட்சிக்கு வந்தவற்றில் ஆயிரக்கணக்கானவற்றை நடுவர் குழு தள்ளிவிட, எழுந்த கூச்சலைக் கேட்டு பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தள்ளப்பட்டவற்றுக்கென்றே தனிக் கண்காட்சி வைக்கச் சொன்னார். அன்றைக்கு அங்கே மக்கள் சிரித்துவிட்டுப் போன பிரெஞ்சு ஓவியர் மானேயின் ஓவியத்தை இன்று உலகமே தேடிப்போய்ப் பார்க்கிறது.

ஆனால் நடுவரே இல்லாத கண்காட்சியையும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 1917-இல் ஒரு கலைஞர் சங்கம், நடுவர் இல்லை, பரிசு இல்லை, ஆறு டாலர் கட்டினால் போதும் என்று அறிவித்தது. பாரபட்சம் வரக் கூடாது என்று ஓவியர்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, எந்த எழுத்தில் தொடங்குவது என்பதைக்கூடக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் வேறு பெயரில் கையெழுத்திட்டு ஒரு சிறுநீர்க் கழிகலத்தை அனுப்பினார்; தேர்வே கிடையாது என்று சொன்னவர்கள் அதைக் காட்சிக்கு வைக்க மறுத்துவிட்டார்கள். நடுவரை நீக்கினால் தேர்வு நீங்காது. பெயர் சொல்லாத யாரோ ஒருவர் தேர்வு செய்வார். நம் ஊரில் அந்த யாரோ, தட்டிகளை அடுக்குகிறவராக இருப்பார். வாசலுக்கு நேர் எதிரே எது, மின்பெட்டியின் அருகில் எது, கழிவறைக்குப் போகும் வழியில் எது என்பது அவர் கையில். அவரிடம் எவரும் காரணம் கேட்க முடியாது, நடுவரிடமாவது கேட்கலாம்.

பரிசு வேண்டாம் என்பதில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். முதல், இரண்டாம், மூன்றாம் என்று வரிசைப்படுத்துவதைவிட, நடுவர் ஒவ்வொருவரும் தம் பெயரைப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று நான்கு வரி எழுதி அதன் அருகில் ஒட்டலாம். வர்க்கமூலம் அவர்கள் காட்டிய வட்டச் சிக்கல் அப்போது எழவே எழாது. மூவரும் ஒரே ஓவியத்தைத் தேர்ந்தால் இன்னும் நல்லது. சுக்கான் தூள் தம்பி கேட்பதுபோல் மரபு வேலையின் உள்விவரம் தெரிந்த ஒருவர் எழுதும் அந்த நான்கு வரி, பார்க்க வருபவருக்கும் பலகையைச் சாய்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும்.


பாமணியாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. கைபேசியில் இருந்த கொள்ளிடத்தின் ஒளிப்படத்தை ஓவியத்தின் அருகில் வைத்து ஒப்பிட்டேன். ஆசிரியை சொன்னது சரிதான்: படத்தில் நீர்க்கோடு தெரிகிறது, மணலின் அலைகள் தெரியவில்லை. ஆனாலும் காரணம் அதுமட்டும்தானா என்பதை அறிய ஆவலாக இருக்கிறது. நடுவர்களிடம் கருத்துக் கேட்டால் அதைச் சண்டையாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கமும் உண்டு. எப்படிக் கேட்பது? அதே ஓவியத்தை அடுத்த ஆண்டு மறுபடி அனுப்புவது முறையாகுமா?


குடந்தைத் தூரிகை

தயங்காமல் கேளுங்கள் ஐயா, ஆனால் "ஏன் தள்ளினீர்கள்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நடுவர் தம் முடிவைக் காப்பாற்றும் விதமாகத்தான் பதில் சொல்வார், அதில் உங்களுக்குப் பயன் இராது. ஓவியத்தையே கையில் கொண்டுபோய் அவர் முன் வைத்து, "உங்கள் கண் முதலில் எங்கே போகிறது, எந்த இடத்தில் தடுக்கிறது?" என்று கேளுங்கள். கண்காட்சி முடிந்து, பரிசளிப்பு அலைச்சல் எல்லாம் ஓய்ந்த பிறகு கேட்பது நல்லது. பெரும்பாலான நடுவர்கள் இப்படிக் கேட்பவர் கிடைக்கமாட்டாரா என்றுதான் இருக்கிறார்கள். அமைப்பாளரிடம் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, முதற்சுற்றில் ஐயக் குவியலில் இருந்து விலக்கப்பட்டவற்றையாவது அடுத்த ஆண்டு நேரில் கொண்டுவந்து காட்ட ஒரு முற்பகல் ஒதுக்கும்படி கேட்கலாம். உங்களுக்கு மட்டும் என்று கேட்காமல் எல்லோருக்குமாகக் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

மறுபடி அனுப்புவதில் தவறே இல்லை. நடுவர்கள் மாறுவார்கள், அருகில் தொங்கும் ஓவியங்களும் மாறும். சில கண்காட்சிகளில் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வரைந்தவை மட்டுமே ஏற்கப்படும் என்ற விதி உண்டு, உங்கள் ஊர் விண்ணப்பத்தில் அப்படி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டகத்துக்குள் வைக்கும்போது தாளைச் சுற்றி அகலமான வெள்ளை அட்டை விளிம்பு விடுங்கள்; தூய வெள்ளை வேண்டாம், சற்றே மங்கிய வெள்ளையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் விட்டுவைத்த தாளின் வெண்மை அதன் அருகில் பழுப்பாகத் தெரியும்.